அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பு: தேர்வு செய்வதும் படித்து முடிப்பதும்

அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராகப் பணிபுரியும் பலர், சில ஆண்டு அனுபவத்திற்குப் பிறகு மனநலத் துறையில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா என்று யோசிக்கிறார்கள். நோயாளியை மதிப்பிட்டு, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதி, தேவைப்படும்போது உளச்சிகிச்சையும் அளிக்கும் பணி இது. செவிலியர் பணியின் அடுத்த படியாக இது தோன்றினாலும், பிறர் எழுதிய ஆணையை நிறைவேற்றும் இடத்திலிருந்து ஆணையை எழுதும் இடத்திற்கு நகர்வதால், பொறுப்பின் தன்மையே மாறிவிடுகிறது. பல்கலைக்கழக விளம்பரங்கள் எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், முழுவதும் இணையவழியா என்ற மூன்றுக்கும் பதில் சொல்லிவிடும். படிப்பின் தரத்தைத் தீர்மானிக்கும் நான்காவது கேள்வியை விண்ணப்பிப்பவர்தான் கேட்டாக வேண்டும்: நேரடிப் பயிற்சிக்கு என்னை எங்கே, யாரிடம் அனுப்புவீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு இத்தொழிலின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1952-இல் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் கருவி என்று நூலெழுதி நிறுவிய ஹில்டகார்ட் பெப்லாவ், அதே பத்தாண்டில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்தில் மேற்படிப்பைத் தொடங்கினார். அங்கிருந்து வெளிவந்தவர்கள் உரையாடலின் வழியே சிகிச்சை அளிப்பவர்கள். அதற்குப் பின் 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் குழந்தைகள் நலத்தை முன்னிட்டுத் தொடங்கிய பயிற்சியிலிருந்து நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி பிறந்தது. உடலைப் பரிசோதித்து நோயறிவது அதன் மையம். மருந்தெழுதும் உரிமை பின்னர் மாநிலம் மாநிலமாகச் சேர்ந்தது. இன்றைய மனநல நர்ஸ் பிராக்டிஷனர் இந்த இரண்டு மரபுகளுக்கும் வாரிசு. மருந்தியலைப் புத்தகத்திலிருந்து ஓரளவு கற்கலாம். உரையாடலை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தானும் செய்து, திருத்தப்பட்டுத்தான் கற்க முடியும்.

2008-இல் உருவான ஒழுங்குமுறை உடன்பாடு, நர்ஸ் பிராக்டிஷனர்களை அவர்கள் கவனிக்கும் மக்கள் பிரிவை வைத்து வகைப்படுத்தியது. அதில் மனநலம் தனிப் பிரிவு. அதன் எல்லை குழந்தை முதல் முதியவர் வரை. அதாவது, பயிற்சியில் ஒரு சிறுவனைக்கூடச் சரியாகப் பார்க்காதவரும், சான்றிதழும் உரிமமும் பெற்ற மறுநாளே ஏழு வயதுச் சிறுவனுக்கு மருந்தெழுதும் தகுதி உடையவராகிவிடுவார். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய கடமை படிக்கும்போதே உங்கள் மீது விழுகிறது.

விண்ணப்பிக்கும் முன்

அடிப்படைத் தகுதி எளிது: தடையற்ற பதிவுச் செவிலியர் உரிமம், செவிலியத்தில் இளநிலைப் பட்டம், பெரும்பாலான இடங்களில் நான்கிற்கு மூன்று என்ற அளவிலான மதிப்பெண் சராசரி, இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஒரு நோக்கக் கட்டுரை. வேறு நாட்டில் படித்தவர்கள் தங்கள் பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் வழியாக ஒப்பிட்டுச் சான்று பெற வேண்டும். மூன்றாண்டு டிப்ளமா முடித்து, என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வில் வென்று பணியில் சேர்ந்தவர்களுக்கு முதலில் இளநிலைப் பட்டத்திற்கான இணைப்புப் படிப்பு தேவைப்படும். உரிமம் இருக்கிறதே, போதும் என்று எண்ணிப் பல மாதங்களை இழப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் வேறு, பட்டம் வேறு.

மனநலப் பிரிவில் வேலை பார்த்த அனுபவத்தைப் பல கல்லூரிகள் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனாலும் உள்நோயாளி மனநலப் பிரிவிலோ நெருக்கடி மையத்திலோ ஓராண்டாவது பணிபுரிந்துவிட்டுச் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தாண்டு தேர்ந்தவருக்குக்கூட, இரவு மூன்று மணிக்குத் தூங்காமல் நடைபாதையில் உலவும் ஒருவரிடம் எந்தத் தொலைவில் நின்று என்ன பேசுவது என்பது புதிதாக இருக்கும். அந்த ஓராண்டில் மனச்சிதைவு எப்படித் தொடங்குகிறது, இருமுனைக் கோளாற்றின் எழுச்சி எப்படி இருக்கும், மருந்து வேலை செய்யும்போது முகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் எட்டு மணிநேரம், பன்னிரண்டு மணிநேரம் என்று தொடர்ச்சியாகப் பார்க்கிறீர்கள். புறநோயாளி மருத்துவமனையில் அரை மணிநேரச் சந்திப்புகளில் அந்தத் தொடர்ச்சி கிடைக்காது. அந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ளவும் அதுவே வழி.

நோக்கக் கட்டுரையில், மனநோயாளிகளுக்குச் சேவை செய்ய விருப்பம் என்று பொதுவாக எழுதுவதைத் தவிருங்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, அடையாளம் எதுவும் வெளிப்படாத வகையில், நீங்கள் என்ன கவனித்தீர்கள், எதைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள், பின்பு எப்படித் திருத்திக்கொண்டீர்கள் என்று எழுதினால், தேர்வுக் குழுவினருக்கு உங்களைப் பற்றி அதிகம் தெரியவரும்.

கல்லூரியை எடைபோடுதல்

மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது, செவிலியத்தில் முதுநிலைப் பட்டம். இரண்டாவது, டி.என்.பி. எனப்படும் தொழில்முறை முனைவர் பட்டம். மூன்றாவது, ஏற்கெனவே வேறு பிரிவில் முதுநிலை முடித்தவர்களுக்கான கூடுதல் சான்றிதழ்ப் படிப்பு. குடும்பநல நர்ஸ் பிராக்டிஷனர்கள் பலர் இவ்வழியாகத்தான் வருகிறார்கள். தேசியச் சான்றிதழ்த் தேர்வை எழுத முதுநிலைப் பட்டமே போதும். முனைவர் பட்டம் கற்பித்தலுக்கும் நிர்வாகத்திற்கும் உதவும். பல கல்லூரிகளில் அதற்கு இளநிலைப் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சி நேரம் மொத்தம் 1000 மணிநேரம் என்றாலும், அதில் ஒரு பகுதி திட்டப் பணிக்குச் செல்வதால், அந்த நேரம் முழுவதும் நோயாளிகளுடன் கழியும் என்று கருதிவிடக் கூடாது.

அங்கீகாரத்தை முதலில் சரிபாருங்கள். செவிலியப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., என்.எல்.என். சி.என்.இ.ஏ. ஆகிய மூன்றில் ஒன்றின் அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால், அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையமான ஏ.என்.சி.சி. தேர்வெழுத அனுமதிக்காது. அடுத்து, இணையவழிக் கல்லூரி நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் மாணவர்களைச் சேர்க்கிறதா, அங்கே பயிற்சி அளிக்க அனுமதி பெற்றிருக்கிறதா, அங்கே உரிமம் பெற அந்தப் படிப்பு தகுதியாகுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இடையில் வேறு மாநிலத்திற்குக் குடிபெயரும் வாய்ப்பு இருந்தால், அந்த மாநிலத்தைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்டு வைப்பது தேவை.

பயிற்சி நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் புழக்கத்தில் உள்ளன. இவை அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு ஏ.என்.சி.சி. கேட்பது, ஆசிரியர் மேற்பார்வையிலான குறைந்தது 500 மணிநேரம். கல்லூரிகளுக்கான தேசியத் தர அளவுகோல் 2022-இல் திருத்தப்பட்டபோது, நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் நேரம் குறைந்தது 750 என்று உயர்த்தப்பட்டது. 500-ஐ மட்டும் சொல்லி நிறுத்தும் கல்லூரியிடம், புதிய அளவுகோலுக்கு எப்போது மாறினீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அதுவே உங்களுக்குப் போதிய தகவல்.

இவற்றுக்குப் பிறகுதான் அந்த நான்காவது கேள்வி. சேர்க்கை அலுவலரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், இப்போது படிக்கும் மாணவர் இருவரிடமாவது பேசுங்கள். பயிற்சி இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா? கல்லூரி "உதவும்" என்று சொன்னால், அந்த உதவி என்பது மருத்துவமனைகளின் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவதா, ஒப்பந்தம் கையெழுத்தான இடத்தில் உங்களை அமர்த்துவதா? இடம் கிடைக்காததால் ஒரு பருவம் தள்ளிப்போனவர்கள் எத்தனை பேர்? அப்படித் தள்ளிப்போனால் கட்டணம் திரும்புமா? ஆசிரியர் பயிற்சி இடத்திற்கு நேரில் வருவாரா, காணொளியில் பார்ப்பாரா, தொலைபேசியில் விசாரித்துக்கொள்வாரா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தரும் கல்லூரி சற்றுக் கூடுதலாகக் கட்டணம் வாங்கினாலும் அதில் சேர்வதே சிக்கனம்.

பயிற்சி இடம் தேடுவது

களத்தில் உடனிருந்து கற்பிக்கும் மூத்தவரை அங்கே பிரிசெப்டர் என்கிறார்கள். அவர் மனநல நர்ஸ் பிராக்டிஷனராகவோ மனநல மருத்துவராகவோ இருப்பது வழக்கம். உளச்சிகிச்சைக்கான நேரத்தில் ஒரு பகுதியை உளவியலாளரிடமோ உரிமம் பெற்ற சமூகப் பணியாளரிடமோ கழிக்கச் சில கல்லூரிகள் அனுமதிக்கின்றன. மனநலத்தில் பிரிசெப்டர் கிடைப்பது கடினம். அவருக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. மாணவரை அருகில் வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தால் அன்றைய பணி தாமதமாகும். இந்தப் பற்றாக்குறையைப் பயன்படுத்திக்கொண்டு, பிரிசெப்டரைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி மாணவரிடம் பெருந்தொகை வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. வேறு வழியே இல்லாதபோது சிலர் அங்கே செல்கிறார்கள். ஆனால் அது முதல் வழியாக இருக்கக் கூடாது.

பயிற்சி தொடங்க வேண்டிய நாளுக்கு எட்டு மாதங்கள் முன்பே தேடலைத் தொடங்குங்கள். கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான ஒப்பந்தம் இரு தரப்புச் சட்டப் பிரிவுகளையும் கடந்து வர மாதக்கணக்கில் ஆகலாம். தடுப்பூசிச் சான்றுகள், பின்னணிச் சரிபார்ப்பு, மாணவர் காப்பீடு ஆகியவை அதற்கு மேல். நீங்கள் பணிபுரியும் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள். சமூக மனநல மையங்கள், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள், போதை மீட்பு மையங்கள், மாவட்டச் சிறைகளின் மருத்துவப் பிரிவுகள், பல்கலைக்கழக மாணவர் நல மையங்கள் என்று வட்டத்தை விரியுங்கள். எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்தப் பருவத்தில், எத்தனை மணிநேரம், வாரத்தில் எந்த நாட்கள், எந்த வயதுப் பிரிவினரைப் பார்க்க வேண்டும் என்ற நான்கும் முதல் பத்தியிலேயே இருந்தால், மறுமொழி வர வாய்ப்பு அதிகம்.

ஒரே இடத்தில் எல்லா மணிநேரத்தையும் முடித்துக்கொள்வது வசதிதான். இருந்தாலும் குறைந்தது மூன்று வகையான இடங்களையாவது பாருங்கள்: உள்நோயாளிப் பிரிவு அல்லது நெருக்கடி மையம், பெரியவர்களுக்கான புறநோயாளி மருத்துவமனை, குழந்தைகளும் பதின்வயதினரும் வரும் இடம். நான்காவதாக முதியோர் கிடைத்தால் மிக நல்லது. மறதி நோயையும் மயக்கக் குழப்பத்தையும் மனச்சோர்வையும் பிரித்தறிவது அங்கேதான் பழகும். சிறுநீர்த் தொற்றால் திடீரெனக் குழம்பிப்போன முதியவருக்கு மனநோய் மருந்து எழுதிவிடுவது இத்துறையில் எவரும் செய்யக்கூடிய பிழை. பயிற்சிப் பதிவேட்டை அன்றன்று மாலையே நிரப்புங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் வயதுவாரியாகக் கூட்டிப் பார்த்தால், எந்தப் பிரிவில் நேரம் குறைகிறது என்று தெரிந்து, அடுத்த இடத்தை அதற்கேற்பத் தேடலாம்.

பிரிசெப்டரிடம் முதல் நாளே முறையைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வாரம் பார்ப்பது, இரண்டாம் வாரம் முதல் பழைய நோயாளியுடன் பேசுவது, பிறகு புதிய நோயாளியை மதிப்பிடுவது என்று படிப்படியாக நகர வேண்டும். பருவம் முழுவதும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து 200 மணிநேரம் எழுதி வாங்கிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. நான்காவது வாரத்திலும் நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால், கல்லூரி ஆசிரியரிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள். இடத்தை மாற்றுவது அப்போதாவது இயலும்.

மருந்தியலைப் படிக்கும் விதம்

நோய் உடலியங்கியல், உடற்பரிசோதனை, மருந்தியல் ஆகிய மூன்றும் உயர்நிலையில் தனித்தனிப் பாடங்களாக இருக்க வேண்டும் என்பது எல்லா நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் பொதுவான விதி. அதன் மேல் மனநல மருந்தியல் வருகிறது. மருந்துகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வகையிலும் இரண்டு மருந்துகளை ஆழமாக அறிந்துகொண்டு மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டுக் கற்பது நிலைக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே வரிசையில் கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்: தொடங்கும் முன் என்ன பரிசோதனை, எந்த வேகத்தில் உயர்த்துவது, எந்த மருந்தோடு மோதும், கருவுற்றால் என்ன செய்வது, நிறுத்தும்போது என்ன ஆகும்.

இருமுனைக் கோளாற்றுக்குத் தரப்படும் லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். தொடங்கும் முன் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாடு தெரிந்திருக்க வேண்டும். கடைசி வேளை மருந்து எடுத்துப் பன்னிரண்டு மணிநேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலென்ட் வரை இருப்பது வழக்கமான இலக்கு, 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை கவலைக்குரியதாகிறது. இந்த எண்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். மூட்டு வலிக்கு நோயாளி தானாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், இரத்த அழுத்தத்திற்கு வேறொரு மருத்துவர் புதிதாக எழுதிய தயசைடு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு ஆகிய ஒவ்வொன்றும் அந்த அளவை உயர்த்திவிடும் என்பதுதான் நோயாளி எதிரே இருக்கும்போது நினைவுக்கு வராமல் போகும். ஆகவே லித்தியத்தைப் படிப்பது என்றால், அந்த நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் படிப்பது என்று பொருள்.

அதே கோளாற்றுக்குத் தரப்படும் லாமோட்ரிஜினில் வேகம்தான் பாடம். முதல் இரண்டு வாரம் நாளுக்கு 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50 மில்லிகிராம். வால்புரோயேட் என்ற மருந்தையும் சேர்த்து எடுப்பவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25-இல் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு உயர்த்தினால் உயிரைப் பறிக்கக்கூடிய தோல் எதிர்வினை வரலாம். பல நாள் விட்டுவிட்ட நோயாளி பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குவதும் அதே ஆபத்தைக் கொண்டுவரும். மனச்சிதைவுக்கான குளோசபினில் வெள்ளணுக்களைக் கவனிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால் வரும் மலச்சிக்கல் குடலடைப்பாகி உயிரைப் பறிக்கலாம் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஒவ்வொரு சந்திப்பிலும் அதைக் கூச்சமின்றிக் கேட்கும் பழக்கத்தை மாணவராக இருக்கும்போதே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறை மனநோய் மருந்துகளுக்கு, தொடக்கத்தில் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்து, எடையை 4, 8, 12 ஆவது வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது 2004 முதல் இருக்கும் பரிந்துரை. அந்த அட்டவணையை உங்கள் நாள்காட்டியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மனச்சோர்வு மருந்துகளில் இளம் வயதினருக்கான தற்கொலை எண்ண எச்சரிக்கை 2004-இல் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் வந்து, 2007-இல் 24 வயது வரை விரிந்தது. அதன் நடைமுறைப் பொருள், மருந்தை மறுப்பது என்பதல்ல; தொடங்கிய முதல் சில வாரங்களில் அடுத்தடுத்துச் சந்திப்பதும், பெற்றோருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி வைப்பதும் ஆகும். மற்றொன்று: மனச்சோர்வு என்று வந்தவரிடம், தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கிய நாட்கள் வாழ்வில் இருந்ததுண்டா என்று கேட்காமல் மருந்தை எழுதக் கூடாது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால், எழுச்சி நிலை கிளம்பிவிடக்கூடும். நோயாளிக்கு அந்த நாட்கள் நல்ல நாட்களாகவே நினைவிருக்கும் என்பதால், குடும்பத்தாரிடமும் கேட்பது பயன்தரும்.

பேசக் கற்பது

தேர்வுக்கான தகுதி விதிகளிலேயே, குறைந்தது இரண்டு உளச்சிகிச்சை முறைகளில் நேரடிப் பயிற்சி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் பல கல்லூரிகளில் இது ஒரு பருவப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், போதைப் பழக்கத்தில் பெரிதும் பயன்படும் ஊக்கமூட்டும் நேர்காணலையும் தேர்ந்துகொண்டால், இரண்டும் பிற்காலத்தில் குறுகிய சந்திப்புகளிலும் கைகொடுக்கும். ஒரே நோயாளியை எட்டு அல்லது பத்து வாரங்களாவது தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவது வாரத்தில் அவர் வராமல் போவதும், நான்காவது வாரம் கோபத்தோடு வருவதும், அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நீங்கள் திகைப்பதும்தான் அந்தப் பாடத்தின் உள்ளடக்கம்.

பெப்லாவ் காலத்திலிருந்து வரும் பழைய பயிற்சி ஒன்று இன்றும் பயன்தருகிறது. உரையாடல் முடிந்தவுடன், நோயாளி சொன்னதை ஒரு பத்தியிலும், நீங்கள் சொன்னதை அடுத்த பத்தியிலும், அந்த நேரத்தில் உங்களுக்குள் எழுந்த உணர்வை மூன்றாவது பத்தியிலும் நினைவிலிருந்து எழுதுவது. பெயர், ஊர், தேதி எதுவும் இல்லாமல் எழுதி, மேற்பார்வையாளரோடு அமர்ந்து படிக்க வேண்டும். நோயாளி அழத் தொடங்கியபோது நீங்கள் பேச்சை மாற்றியது, தற்கொலையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது எல்லாம் தாளில் தெரிந்துவிடும். கூச்சமாகத்தான் இருக்கும்.

அளவுகோல்களைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது தேவை. ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாள் 27 வரை மதிப்பெண் தரும்; பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒரு விடையைப் பார்க்காமல் தாளை மூடிவிடக் கூடாது. எண்ணம் இருக்கிறது என்றால் நேரடியாகக் கேளுங்கள்: திட்டம் உண்டா, வழி கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா, முன்பு முயன்றது உண்டா? வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்வி அமெரிக்காவில் தவிர்க்கக்கூடாத ஒன்று. பிறகு, எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, அழைக்கக்கூடிய மனிதர்கள், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்குவது என்று நோயாளியோடு சேர்ந்து, அவருடைய சொற்களிலேயே பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் இயங்கும் 988 என்ற நெருக்கடி எண்ணும் அதில் இடம்பெறும். இனித் தீங்கு செய்துகொள்ள மாட்டேன் என்று கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்தை எங்காவது கண்டால், அதைப் பின்பற்ற வேண்டாம். அந்தத் தாள் நோயாளியைக் காப்பதாகச் சான்று இல்லை.

ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு சொல். மனநிலைப் பரிசோதனையில் பழமொழிக்குப் பொருள் கேட்டுச் சிந்தனையின் நுண்மையை அளக்கும் வழக்கம் உண்டு. வேறு மொழிச் சூழலில் வளர்ந்த நோயாளி தடுமாறினால் அது நோயின் அடையாளமாகாது என்பதை உங்களைவிட நன்றாக உணரக்கூடியவர் அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதே காரணத்தால், புரியாத வழக்குச் சொல்லை நோயாளி சொன்னால், "அதற்கு என்ன பொருள், எனக்கு விளக்குவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். புரிந்ததுபோல் தலையாட்டுவது இந்தத் துறையில் மருந்துப் பிழைக்குச் சமம்.

பணம்

கட்டணத்தை ஒரு பாட அலகுக்கு இவ்வளவு என்று பார்க்காமல், மொத்த அலகுகள், பயிற்சிக் கட்டணம், வளாகத்துக்குச் சென்று வரும் செலவு, பயிற்சிப் பருவங்களில் வேலை நேரத்தைக் குறைப்பதால் இழக்கும் ஊதியம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசியாகச் சொன்னதே பெரும்பாலோருக்குப் பெரிய தொகை. கூட்டரசுக் கல்விக் கடன் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் கிடைக்கும். தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. மேற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கடன், 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுபவர்களுக்கு இல்லை. ஆகவே பழைய மாணவர்கள் சொல்லும் கடன் கணக்கை அப்படியே நம்பித் திட்டமிட வேண்டாம். பட்டம் பெற்றபின் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் இரண்டாண்டு பணிபுரிந்தால், நர்ஸ் கார்ப்ஸ் என்ற கூட்டரசுத் திட்டம் தகுதியுள்ள கடனில் 60 விழுக்காட்டை அடைக்கிறது. தேசிய சுகாதாரச் சேவைப் படையும் மனநலச் செவிலியர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

தேர்வும் உரிமமும்

ஏ.என்.சி.சி. தேர்வில் மூன்றரை மணிநேரத்தில் 175 கேள்விகள். அவற்றில் 150-க்கு மட்டுமே மதிப்பெண். மருந்துகளோடு நரம்பியல், சட்டம், உளவியல் கோட்பாடுகள், குழந்தை வளர்ச்சிப் படிநிலைகள் ஆகியவையும் வரும். படிப்பு முடிந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் எழுதிவிடுவது நல்லது. சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும்.

சான்றிதழுக்குப் பிறகு மாநில உரிமம். பதிவுச் செவிலியர் உரிமத்திற்குப் பல மாநிலங்களைத் தழுவிய உடன்பாடு இருப்பதால் இதற்கும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். தொலைமருத்துவத்தில் பணியாற்றினாலும், நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத, கூட்டரசின் போதைப்பொருள் அமலாக்க நிறுவனமான டி.இ.ஏ.வில் பதிவு தேவை. அதற்குப் போதைப் பழக்க சிகிச்சையில் எட்டு மணிநேரப் பயிற்சி 2023 ஜூன் முதல் கட்டாயம். உங்கள் பாடத்திட்டத்திலேயே அது இருந்ததா என்று கல்லூரியிடம் எழுத்தில் சான்று வாங்கிவைத்தால், மீண்டும் படிக்கத் தேவையிருக்காது.

மாநிலங்கள் தரும் சுதந்திரம் பெரிதும் வேறுபடும். ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா போன்றவற்றில் மருத்துவருடன் ஒப்பந்தம் இல்லாமலேயே பணிபுரியலாம். கலிஃபோர்னியா 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவு பணி அனுபவத்திற்குப் பிறகு படிப்படியாக அந்த உரிமையைத் தருகிறது. டெக்சாஸில் மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அங்கே கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட இரண்டாம் பட்டியல் மருந்துகளை மருத்துவமனை, இறுதிக்காலப் பராமரிப்பு போன்ற சூழல்களில் மட்டுமே எழுத முடியும் என்பதால், புறநோயாளி மருத்துவமனையில் கவனக்குறைபாட்டுக்கான தூண்டு மருந்துகளை நீங்களாக எழுத இயலாது. எந்த மாநிலத்தில் வாழப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, குழந்தைகள் மருத்துவமனையில் உங்கள் அன்றாட வேலையே மாறிவிடும்.

முதல் வேலை

பட்டத்திற்குப் பிந்தைய ஓராண்டு உறைவிடப் பயிற்சி கட்டாயமில்லை. படைவீரர் மருத்துவமனைகளிலும் சில பெரிய மருத்துவ அமைப்புகளிலும் இருக்கிறது. ஊதியம் குறைவாக இருந்தாலும், 750 மணிநேரப் பயிற்சியோடு வெளிவருபவருக்கு அது கிடைத்தால் விட்டுவிடக் கூடாது என்றே சொல்வேன். கிடைக்காதவர்கள், வேலை ஒப்பந்தத்திலேயே அதற்கு ஈடானதைக் கேட்டுப் பெற முயல வேண்டும்: முதல் ஆறு மாதங்களுக்கு வாரம் ஒரு மணிநேர மேற்பார்வை, அது யாருடன் என்ற பெயரோடு, புதிய நோயாளிக்கு ஒரு மணிநேரம், பழைய நோயாளிக்கு அரை மணிநேரம், ஒரு நாளில் பார்க்கும் எண்ணிக்கை எந்த மாதத்தில் எவ்வளவு உயரும் என்ற அட்டவணை. பதினைந்து நிமிடத்திற்கு ஒருவர் என்ற இடத்தில் முதல் வேலையை ஏற்காதீர்கள். தொழில்முறைக் காப்பீட்டை நிறுவனம் எடுத்துத் தந்தால், நீங்கள் விலகிய பிறகு வரும் வழக்குகளுக்கும் அது செல்லுமா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். செல்லாது என்றால், அந்த நீட்டிப்புக்கான தொகையை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.